ஓம் மாமா

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நான் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, சின்னவளே, நீ வந்து ஏதோ கேட்டாய். நான் ஓம் என்றேன். நீ கேட்டது என்னவென்று அடுத்த நாள்தான் தெரிந்தது. அலுமாரிக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மேளத்தின் முகத்தில் 'விற்பனைக்கு' என்று டேனிஷில் எழுதிய மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. விளம்பரத்தில் போடப் பெரியவன் படமும் எடுத்துவிட்டானாம்.

"நீங்கள்தானே அப்பா ஓம் எண்டு சொன்னீங்கள்" என்றாய்.

சொன்னேன்தான். ஆனால் அது காதில் விழாமல் சொன்ன ஓம். அந்த வகை ஓமை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மெதுவாகத்தான் தமிழ் வாசிப்பீர்கள், அதனால் இரண்டு பக்கமும் சரி.

மேல்மாடியில் இருந்த ஓம் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு நினைவிருப்பது மேளம் அடித்த மாமா. மீதியை நானும் அம்மாவும் உங்களுக்குச் சொல்லவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதட்டுமா என்று முன்பு கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பார். இப்போது கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதே எனக்குச் சந்தோஷம்.

நான் கோல்டிங்குக்கு வந்து ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அவர் அங்கே மரம் அறுக்கும் பகுதியில் ஏற்கெனவே பதினைந்து வருடம் நின்றிருந்தார். மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். வாள் ஓடும் மேசையின் முன் நிற்பார், மரத்தை விட்டுக் கண் எடுக்க மாட்டார். பக்கத்தில் போய் யார் எதைக் கேட்டாலும் முதலில் தலை ஆடும், பிறகு சிரிப்பு வரும், கடைசியில் ஓம் வரும். சில வேளை நாம் கேட்டு முடிக்க முன்னமே வந்துவிடும்.

ஒரு வருடம் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ரோல்ஸ் நூற்றைம்பது செய்துதர முடியுமா என்று கேட்டார்கள். ஓம் என்றார். விழாவுக்கு முதல் நாள் ரோல்ஸ் எத்தனை மணிக்கு எடுக்க வரலாம் என்று கேட்கப் போனபோது, கதவைத் திறந்த மாமி, "என்ன ரோல்ஸ்?" என்று கேட்டாராம். மாமா வேலையால் வந்த உடுப்போடு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினார். நூற்றைம்பதும் வந்து சேர்ந்தது. அதில் பாதி வெடித்துப் போயிருந்தது. உங்கள் அம்மா அதையும் நல்ல ருசி என்று சொல்லித் தின்றாள்.

இன்னொரு கதை. டேனிஷில் ஓமுக்கு இரண்டு சொல் இருக்கிறது, யா, யோ. நீங்கள் பிறந்ததிலிருந்து சொல்வதால் உங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்களுக்கு அது பெரிய முடிச்சு. "வரமாட்டியோ?" என்று நம்மிடம் கேட்டால், ஓம் என்றால் வரமாட்டேன் என்றுதான் பொருள். அதே கேள்விக்கு டேனிஷில் யா என்று சொன்னால் கேட்டவர் குழம்பிப் போவார். வரமாட்டேன் என்றால் நை சொல்ல வேண்டும், வருவேன் என்றால் யோ சொல்ல வேண்டும். ஒரு விடுமுறைக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமையைப் பற்றி, "நீ வரமாட்டாய்தானே?" என்று எங்கள் மேற்பார்வையாளர், போர்மன், அவரிடம் கேட்டார். அவர் யா என்றார். போர்மன் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வாள் மேசை ஆளில்லாமல் கிடந்தது. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் யோ தெரியாத மனிதன் என்று சாப்பாட்டு அறையில் நாங்கள் சிரித்தோம். எனக்கும் அந்த நேரம் யோ சரியாக வராது. ஆனாலும் சிரித்தேன்.

இப்படியே காலம் போனது. போர்மன் அவருக்கு டேனிஷ் போதாது என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் அவரைத் தங்கமான மனிதன், யாருக்கும் மறுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

மாமியைப் பற்றி நாங்கள் நினைத்தது வேறு. அவர் கதைத்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். "இஞ்சாருங்கோ" என்று அவர் மேலே கூப்பிட்டால் நம் வீட்டில் நான் நிமிர்ந்து பார்ப்பேன். உப்புக் கூடிவிட்டதா என்பதையும் வாடகைக் கடிதம் வந்திருப்பதையும் சத்தமாகத்தான் சொல்வார். பாவம் மனுசன், இந்த வாயோடு குடும்பம் நடத்துகிறார் என்று நான் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நான் வெட்கப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. பெரியவனே, உனக்கு ஒரு சனிக்கிழமை உதைபந்தாட்டப் போட்டி இருந்தது. எனக்கு அன்று மேலதிக வேலை. எனக்குப் பதிலாக வரமுடியுமா என்று வாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் கேட்டேன். தலை ஆடியது, சிரித்தார், ஓம் என்றார். நான் போட்டிக்கு வந்துவிட்டேன். அவர் வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை போர்மன் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், போர்மனைப் பார்த்தார், "நான் மறந்துபோனேன், பிழை என்னுடையது" என்று டேனிஷில் சொன்னார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அவரிடம் சொல்லாமல் மற்றவர்களிடம் சொன்னேன், "அந்தாள் ஓம் எண்டு சொல்லும், ஆனால் செய்யாது" என்று. ஓம் மாமா என்ற பேர் நீங்கள் செல்லமாக வைத்ததாக நினைத்திருப்பீர்கள். தொழிற்சாலையில் அதைப் பரப்பியவன் நான். அங்கே அதற்குள் ஒரு குத்தல் இருந்தது.

மேளம் வந்த கதைக்கு வருகிறேன். அதைப் பழைய சாமான் விற்கும் கடையில் நான்தான் கண்டேன். மேளம், இரண்டு தடி, கேம் பெட்டி எல்லாம் ஒரே பையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியில் பொருத்தினால் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. பெரியவன் தலையில் கை வைத்தான். ஆனால் விளையாடுவதற்கு எழுத்துத் தேவைப்படவில்லை. பாட்டு ஓடும்போது திரையில் சிவப்பு வட்டமும் நீல வட்டமும் வரிசையாக வரும். சிவப்பு குறித்த இடத்துக்கு வரும்போது மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும். நீலம் வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும். பொருத்தமாக விழுந்தால் பூ விரியும். தவறினால் ஒன்றும் விரியாது.

ஒரு ஞாயிறு மதியம் ஜெபக்கூட்டம் முடிந்து வந்த கையோடு மாமா எங்கள் சட்டியைத் திருப்பித் தர இறங்கி வந்தார். நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருந்தீர்கள். "மாமா, அடிக்கப் போறீங்களோ?" என்று சின்னவள் கேட்டாள். என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. நிலத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தடியைப் பென்சில் பிடிப்பது போலப் பிடித்தார். முதல் பாட்டில் பாதி தவறியது. மூன்றாவது பாட்டில் பெரியவனைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பாட்டுப் பட்டியலில் முதல் வரிசையில் மூன்றாவது பாட்டு அவருடையது. அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, படத்தில் ஒரு மீன் இருக்கும். மாமா வாளின் முன் நிற்பது போலவே திரையின் முன் இருப்பார். கண் இமைக்காது. எனக்கு ஒன்று மட்டும் விசித்திரமாகப் பட்டது. நீங்கள் அடிக்கும்போது தலை ஆடும், கால் தாளம் போடும், வாய் முணுமுணுக்கும். அவர் ஓரடி தவறாமல் அடிப்பார், ஆனால் உடம்பில் வேறெதுவும் அசையாது. ஜெபக்கூட்டத்தில் கைதட்டும்போதும் அவர் முன்வரிசைக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு நினைவு வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் தொழிற்சாலை முற்றத்தில் அது நடந்தது. மரக்கட்டு ஏற்றிய தூக்கி வண்டி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னுக்கு வரும்போது அது பீப் பீப் என்று கத்தும். முற்றத்தின் மறு கரையில் நின்ற எனக்கே கேட்டது. மாமா அதன் வழியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பலகையின் நீளத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் இரண்டு தெறித்தது. "என்ன அண்ணை, கனவிலோ நிக்கிறியள்?" என்று கத்தினேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்போதும் ஓம் என்றுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு வழக்கம் போல மீன் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவளே, உனக்கு அப்போது ஏழு வயது. செற்றி மெத்தையில் குதித்து உட்கார்ந்தாய். கீழே றிமோட் கிடந்ததை நீ பார்க்கவில்லை. பாட்டுச் சத்தம் நின்றுபோனது. வட்டங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவன் றிமோட்டைத் தேடி உன்னைத் தள்ளினான். மாமா நிறுத்தவில்லை. பிளாஸ்டிக்கில் தடி விழும் டக் டக் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. நாங்கள் ஒவ்வொருவராகப் பேச்சை விட்டோம். கடைசி வட்டம் வரைக்கும் அடித்து முடித்தார். திரை முழுக்கப் பூ விரிந்தது. தடியை மடியில் வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல பாட்டு, என்ன?" என்றார்.

நீதான் கேட்டாய், "மாமா, பாட்டு உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

தலை ஆடியது. சிரித்தார். "ஓம்" என்றார்.

நம் தமிழில் அது சரியான விடை. இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஓம்களில் அதுதான் முழு உண்மை. அதை அவர் தெரிந்து சொல்லவில்லை.

அவர் மேலே போன பிறகு நான் சனிக்கிழமையை நினைத்தேன், வெள்ளிக்கிழமையை நினைத்தேன், வெடித்துப்போன ரோல்ஸை நினைத்தேன். கடைசியில் தூக்கி வண்டி நினைவுக்கு வந்தது. அடுத்த முறை அந்த வண்டி பின்னுக்கு வரும்போது நான் முற்றத்தில் நிற்க வேண்டுமே.

மறுநாள் அவர் கடைக்குப் போன நேரம் மேலே போனேன். மாமியிடம், "அக்கா, அண்ணைக்குக் காது கேக்கிறேல்லைதானே?" என்று கேட்டேன். மாமி கதவைச் சாத்தினார். பிறகு கதைத்தார். அவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"எட்டு வருசமாய் மறைச்சு வைச்சிருக்கிறம் தம்பி. பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு. தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டி வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. பொத்தான் தைத்தது மட்டும் தெரியும். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். போர்மனிடம் நான் போகமாட்டேன், முதலில் அண்ணையோடு கதைக்கிறேன் என்று சொல்லி இறங்கி வந்தேன். எப்படிக் கதைப்பது என்றுதான் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் ஓம் என்று சொல்லிவிடுவாரே.

அடுத்த ஞாயிறு உங்களை அம்மாவோடு வெளியே அனுப்பினேன். மாமா வந்து உட்கார்ந்தார். மீன் பாட்டைப் போட்டேன். பிறகு அவர் கண் முன்னாலேயே றிமோட்டை நீட்டிச் சத்தத்தை நிறுத்தினேன். திரையில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்தது. அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். றிமோட்டைப் பார்த்தார். வட்டங்கள் வந்து வந்து போயின, அவர் அடிக்கவில்லை.

நான் அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, "எனக்குத் தெரியும் அண்ணை" என்றேன்.

தடியின் நுனியைத் தடவினார். பிறகு அவராகவே சொன்னார்.

"வந்த புதுசிலை வாள் சத்தத்துக்குக் காதுமூடி தந்தவங்கள். அதைப் போட்டால் அவங்கள் சொல்லுற டேனிஷ் விளங்காது. ஒரு சொல்லும் தவறவிடக் கூடாது எண்டு ஒரு பக்கத்தைத் தூக்கி விடுவன். பேந்து மற்றப் பக்கத்தையும். டேனிஷ் பிடிக்கப் போய் காது போயிட்டுது, தம்பி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை. எனக்கு அதில் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அவர் சனிக்கிழமை வராததை ஊரெல்லாம் சொல்லிப் பேரைக் கெடுத்தவன் நான்தான் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"எந்தச் சனிக்கிழமை?" என்றார்.

அவருக்கு அது தெரியவே தெரியாது பிள்ளைகளே. போர்மன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்து, ஏதோ பிழை நடந்துவிட்டது, ஒருவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளங்கி, மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

வைத்தியரிடம் போவோமா என்று கேட்டேன். ஓம் என்றார். "என்ன கேட்டனான், சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். "வைத்தியரிட்டை போவமோ எண்டு" என்றார். அப்போதுதான் நம்பினேன்.

செவிச் சோதனைக்கும் போர்மனிடமும் நானும் கூடப் போனேன். போர்மன் இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். யா, நை, யோ மூன்றில் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தாது. அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாள் மேசையிலிருந்து எடுத்து, சட்டங்களைச் சரிபார்க்கும் அறையில் விட்டார்கள். அங்கே வண்டி வராது. கண்தான் வேலை. அவருடைய கண்ணைத் தாண்டி ஒரு கோணல் சட்டம் வெளியே போனதில்லை.

காதுக்கருவி வந்த முதல் வாரம் மேல்மாடியில் ஒரே சண்டை. "ஏனப்பா இப்பிடிக் கத்துறீர்?" என்று மாமா கேட்கிறார். "மெதுவாய்க் கதைக்கிறது எப்பிடி எண்டு எனக்கு மறந்துபோச்சு" என்று மாமி கத்துகிறார். குளிர்பெட்டி இரைகிறது, தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று மாமா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் என்னிடம் வந்து முறையிடுவார்.

அந்த ஞாயிறு மீன் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உங்களுக்கு இது நினைவிருக்கும். பாட்டுத் தொடங்கியதும் திடுக்கிட்டுத் தடியை உயர்த்தியபடியே இருந்தார். பாதிக்கு மேல் தவறியது. பாட்டைக் கேட்டால் வட்டத்தைத் தவற விடுகிறார், வட்டத்தைப் பார்த்தால் பாட்டு இழுக்கிறது. மூன்று ஞாயிறு முயன்றார். நான்காவது ஞாயிறு இரண்டு கருவியையும் கழற்றி, பென்சில் பைக்குள் போட்டுக்கொண்டு அடித்தார். திரை முழுக்கப் பூ.

"இது கண்ணாலை அடிக்கிற மேளம்" என்றார். "பாட்டுப் பரவாயில்லை. நான் நினைச்சுக்கொண்டிருந்த பாட்டுத்தான் இதைவிடத் திறம்."

அவர் என்ன பாட்டை நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டேன்.

சில மாதம் கழித்து எனக்கு மறுபடி ஒரு சனிக்கிழமை தேவைப்பட்டது. சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். தலை ஆடவில்லை. நான் கேட்டு முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"இல்லை. சனிக்கிழமை நானும் மனுசியும் கடற்கரைக்குப் போறம்" என்றார்.

மேசையில் எல்லாரும் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு எழும்பி அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தால் ஏதோ என்று நினைப்பார் என்று பேசாமல் சோற்றைத் தின்றேன். அதற்குப் பிறகு ஆண்டு விழா ரோல்ஸுக்கு இல்லை என்றார். ஜெபக்கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். காதில் மிசின் போட்ட பிறகு ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் கதை வந்தது. அந்தக் கதையை என்னிடம் கொண்டுவந்தவர்களுக்கு, நான் முன்பு பரப்பிய கதையையும் அது எப்படிப் பொய்யானது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதோடு அடங்கியது. எனக்கு அவருடைய ஓமை விட அந்த இல்லை பிடித்தது. இல்லை என்று சொல்கிற மனிதன் ஓம் என்று சொன்னால் நம்பி வீட்டுக்குப் போகலாம்.

பென்சன் எடுத்ததும் மகளுக்குப் பக்கத்தில் இருக்க ஹ்விடோவ்ரேக்குப் போனார்கள். போகும் நாள் மேளத்தைக் கொண்டுபோங்கோ என்று தூக்கிக் கொடுத்தேன். இல்லை என்றார். வந்தால் அடிக்க இங்கே ஒன்று இருக்கட்டும் என்றார். நான் ஓம் என்றேன். கேட்டுத்தான் சொன்னேன். இப்போது உங்களுக்கு விளங்கும், நான் ஏற்கெனவே ஒருவருக்குச் சொன்ன ஓம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஓமில் எது செல்லும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை எழுதி முடித்தபோது நீங்கள் நீச்சலுக்குப் போயிருந்தீர்கள். அம்மா வேலையில். நான் கதிரையில் ஏறி மேளத்தை இறக்கினேன். தூசி தட்டி, கேம் பெட்டியைப் பொருத்தி, சத்தத்தை நிறுத்திவிட்டு, முதல் வரிசையில் மூன்றாவது பாட்டைப் போட்டேன். உன் மஞ்சள் தாளின் மேலேதான் அடி விழுந்தது, சின்னவளே. நிறையத் தவறியது. ஆனால் நடுவில் ஒருமுறை ஏழெட்டுப் பூ சேர்ந்து விரிந்தது.

பிறகு தாளை மெல்ல உரித்தேன். கிழியவில்லை. திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'இல்லை' என்று தமிழில் எழுதி, அதே இடத்தில் ஒட்டி, மேளத்தை மேலே வைத்தேன்.